பூ கோணினால், மணி ஒடிந்தால்: பாலிமர் கிளே மணிக்கு அறிகுறி பார்த்துப் பரிகாரம்

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடி பாலிமர் கிளேயில் மணி செய்கிறோம். மற்ற நாட்களில் செல்போனுக்குப் படம் வரும். "அக்கா, பூ ஒரு பக்கமா இழுத்துட்டு." "அக்கா, வெள்ளை பழுப்பாயிட்டு." "அக்கா, கோத்த அன்னைக்கே ரெண்டா ஒடிஞ்சிட்டு." நான் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் அடுப்பைப் பற்றி இருக்காது. பிசைந்தபோது கிளே எப்படி இருந்தது என்றுதான் கேட்பேன். அடுப்பிலிருந்து எடுத்தபிறகு கண்ணில் படும் குறை பலவும் பிசையும்போதே உள்ளே நுழைந்தவை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயரில் மண் இருந்தாலும் இது காருகுறிச்சியில் குயவர்கள் சக்கரத்தில் ஏற்றும் மண் இல்லை. பி.வி.சி. பொடி, அதை இளக்கி வைக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவம், நிறப்பொடி, இவ்வளவுதான். இதில் தண்ணீர் கிடையாது. ஆகவே வெயிலில் வைத்தால் காயாது, தண்ணீர் தெளித்தால் இளகாது. ரகத்தைப் பொறுத்து பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி சூடு உள்ளே போனால்தான் பொடியும் திரவமும் ஒன்றாகி இறுகும். பாக்கெட்டைப் பிரித்து வைத்த மறுநாளே கல்லாகிவிட்டது என்றால் கடைக்காரர் தந்தது காற்றில் உலரும் வேறு கிளே. அதற்கு இந்தப் பக்கம் உதவாது.

பல நிறப் பட்டைகளையும் கம்பிகளையும் அடுக்கி, குறுக்கே வெட்டினால் பூவோ கட்டமோ தெரியும்படி செய்யும் உருளையை நாங்கள் தண்டு என்கிறோம். அதிலிருந்து வெட்டும் மெல்லிய துண்டு வில்லை. வெனிஸ் பக்கம் முரானோ தீவில் கண்ணாடிக்காரர்கள் செய்வதும் இதே முறைதான். அவர்கள் கண்ணாடியை நெருப்பில் இளக்கி இழுக்கிறார்கள், நாம் கைச்சூட்டில் இளக்கி அமுக்குகிறோம்.

கையில் ஒட்டுகிறது, தண்டு தொய்கிறது

சித்திரை, வைகாசியில் எல்லோரும் சொல்லும் குறை இது. வெளியே 38, 39 டிகிரி அடிக்கும்போது ஓட்டு வீட்டு அறையில் கிளே வெண்ணெயாகிவிடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். மேசை மேல் ஒரு பழைய டைல்ஸ் துண்டைப் போட்டு அதில் வேலை செய்தால் கொஞ்சம் குளிர்ச்சி நிற்கும். அப்படியும் தொய்ந்தால் தண்டை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒரு டப்பாவில் மூடி, ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். எடுத்ததும் மேலே நீர் முத்து கட்டினால் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தும் சற்று நேரத்தில் மறுபடி ஒட்டினால் கிளேயில் திரவம் கூடுதலாக இருக்கிறது. மெல்லிய தகடாகத் தேய்த்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். தாளில் வடைக்குக் கீழ் போட்ட பேப்பர் மாதிரி எண்ணெய்க்கறை படரும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிசைந்து பாருங்கள். மறந்து இரண்டு நாள் விட்டால் அடுத்த குறை வந்து சேரும்.

உதிர்கிறது, பிசைய வரவில்லை

பழைய பாக்கெட்டாக இருக்கலாம், அல்லது வரும் வழியிலேயே சூடு கண்டிருக்கலாம். மே மாதத்தில் மூடிய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டும். இரண்டு மூன்று நாள் அந்தச் சூட்டில் கிடந்த கிளே அரைவேக்காடாகிவிடும். எனக்கும் ஒருமுறை அரை கிலோ அப்படி வந்தது. அதன்பிறகு கோடைக்கு வேண்டியதை மாசி மாதத்திலேயே வாங்கி வைக்கிறேன்.

மீட்க முடியுமா என்று பார்க்க, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு பாக்கெட் அளவுக்கு இரண்டு சொட்டு மினரல் ஆயில் அல்லது கொஞ்சம் திரவ கிளே விட்டு, மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிசைந்தால் சேர்ந்து வரும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விடக்கூடாது, அவை நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஊறியபின்னும் மணல் மணலாகத் தட்டுப்படும் கட்டிகள் வெந்துபோனவை. அவற்றை மீட்க முடியாது.

சேமிப்பைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். தட்டினால் கணீரென்று கேட்கும் தெளிவான, மொறுமொறுப்பான பிளாஸ்டிக் டப்பாவில் கிளேயை நேரடியாக வைத்தால் திரவம் டப்பாவையே அரித்து இளக்கிவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பா பாதுகாப்பானது.

தண்டைச் சிறிதாக்கியதும் பூ கோணுகிறது

இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஆர்வமாகத் தொடங்கியவர்கள் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

தண்டின் விட்டம் 4 செ.மீ., நீளம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு வேண்டியது 1 செ.மீ. விட்டப் பூ. விட்டம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் நீளம் பதினாறு மடங்காகும், அதாவது 80 செ.மீ. அத்தனை தூரம் உள்ளே இருக்கும் ஒவ்வொரு இதழும் ஒரே வேகத்தில் நகர்ந்தாக வேண்டும். வெள்ளை இளகியும் கறுப்பு இறுகியும் இருந்தால் வெள்ளை முன்னே ஓடும், கறுப்பு பின்தங்கும், பூ கோணும். ஒரே கம்பெனி கிளேயிலும் நிறத்துக்கு நிறம் பதம் மாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் ஆச்சி. மூன்றாவது தண்டும் பாழாகி நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து, வெள்ளையில் ஒரு கிள்ளு, கறுப்பில் ஒரு கிள்ளு எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது வெண்ணெயா இருக்கு, அது கல்லா இருக்கு. பூரணம் இளகி மாவு இறுகுனா கொழுக்கட்டை வெடிக்கத்தானே செய்யும்?"

"இது மாவு இல்ல ஆச்சி."

"எதுவானா என்ன, பதம் பதம்தாம்லா."

அன்று முதல் தண்டு அடுக்குவதற்கு முன் நான் செய்யும் சோதனை இது. ஒவ்வொரு நிறத்திலும் சுண்டைக்காய் அளவு உருண்டை எடுத்து டைல்ஸ் மேல் வரிசையாக வைப்பேன். எல்லாவற்றின் மேலும் இன்னொரு டைல்ஸை வைத்து ஒரே அமுக்காக அமுக்கி எடுப்பேன். எல்லா வட்டமும் ஒரே அகலமாக விரிந்திருந்தால் பதம் ஒன்று. ஒன்று மட்டும் பெரிதாகப் பரவியிருந்தால் அதைத் தாளுக்கு நடுவில் போட வேண்டும், ஒன்று மட்டும் குறுகி நின்றால் அதற்கு ஒரு சொட்டு மினரல் ஆயில். ஐந்து நிமிட வேலைதான். இதைத் தாண்டிப் போக நான் யாரையும் விடுவதில்லை.

பதம் சரியாக இருந்தும் கோணினால் காரணம் உங்கள் கை. அடுக்கி முடித்த தண்டை உடனே உருட்டாதீர்கள். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும். புதிதாகப் பிசைந்ததும் பழையதும் ஒரே சூட்டுக்கு வரும், பட்டைகள் ஒன்றோடொன்று பிடிக்கும். காலையில் நடுவில்தான் தொடங்க வேண்டும். இரண்டு கையாலும் நடுப்பகுதியைச் சுற்றி அமுக்கி, திருப்பி, அமுக்கி, உடுக்கை மாதிரி இடை விழச் செய்யுங்கள். பிறகு அந்த இடையை இரு முனைகளை நோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். பலகையில் போட்டு உருட்டுவது கடைசியில் வழவழப்புக்கு மட்டும். எடுத்த எடுப்பில் உருட்டினால் வெளித்தோல் மட்டும் நகர்ந்து உள்ளிருப்பது முறுக்கிக்கொள்ளும். முனைகள் எப்படிச் செய்தாலும் குழியும், ஏனென்றால் ஓரம் முந்திக்கொள்ளும், நடு தங்கிவிடும். இரு முனையிலும் கழிவுக் கிளேயில் தட்டையாக ஒரு மூடி ஒட்டிவிட்டால் சேதம் குறையும். அப்படியும் பக்கத்துக்கு இரண்டு செ.மீ. போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய முனை கோணியிருப்பதைப் பார்த்து முழுத்தண்டையும் பிசைந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவசரப்படாமல் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், பூ அங்கே நன்றாகவே இருக்கும்.

பூ இருக்கிறது, ஆனால் தெரியவில்லை

பத்தமடைப் பாய் மாதிரி கரை போட்ட சதுரத் தண்டு எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஆசை. சிவப்பையும் பச்சையையும் ஒட்டி ஒட்டி அடுக்கிச் சிறிதாக்கினால் ஒரே இருட்டுப் பட்டையாகத் தெரிகிறது என்பார்கள். நிறம் வேறானாலும் இரண்டுக்கும் அடர்த்தி ஒன்று. அடுக்குவதற்கு முன் கிளே உருண்டைகளைச் செல்போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மணியிலும் கலந்துதான் போகும். நல்ல பாயைக் கையில் எடுத்துப் பார்த்தால், சாயக்கோரைக்கு நடுவே சாயமேறாத வெளுத்த கோரை ஓடுவதால்தான் கரை தனியாக எடுத்து நிற்கிறது. நாமும் அப்படித்தான் நடுவில் தந்த நிறத் தகடு ஒன்றை வைக்க வேண்டும். அந்தத் தகடு மிக மெல்லியதாக இருக்கக்கூடாது. ஒரு மி.மீ. தகடு, தண்டு நாலில் ஒன்றாகக் குறுகும்போது கால் மி.மீ. ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அடுக்கும்போது கொச்சையாகத் தடித்துத் தெரியும் கோடுதான் கடைசியில் அளவாக வரும்.

வெட்டும்போது வரி இழுபடுகிறது

தண்டு சூடாக இருக்கிறது, அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. 15 நிமிடம் குளிரவைத்து, புது பிளேடால், மேலிருந்து நேராக ஒரே அழுத்தில் இறக்குங்கள். ரம்பம் போல அறுக்கக்கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் தண்டைக் கால் சுற்று திருப்பினால் ஒரே பக்கம் தட்டையாகாது. பிளேடை அவ்வப்போது ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள்.

வெள்ளையில் தூசு, மஞ்சள், சிவப்பு

காலையில் சாம்பாருக்கு மஞ்சள்பொடி போட்ட கை, சோப்புப் போட்டுக் கழுவினாலும் வெள்ளைக் கிளேயில் காட்டிக் கொடுத்துவிடும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் உள்ளவர்கள் மணி செய்யும் நாளில் கைக்குப் பூச வேண்டாம். வெள்ளையை முதலில் பிசையுங்கள், பிறகு மஞ்சள், அதன்பின் சிவப்பு, கடைசியில்தான் கறுப்பு. சிவப்பு கையில் சாயம் விடும், ஆகவே அதற்குப்பின் ஈரத் துடைப்பான் கட்டாயம். புதுத் துவாலையும் கம்பளியும் நூல் விடும். வேகவைப்பதற்கு முன் மேலே ஒட்டிய தூசியை மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சுமொட்டில் தொட்டு ஒற்றி எடுக்கலாம்.

வில்லை எழும்புகிறது, துளையில் மணி நசுங்குகிறது

அடிமணியைக் கழிவுக் கிளேயில் உருட்டி, அதன்மேல் ஒரு மி.மீ. கனத்தில் வில்லைகளை ஒட்டுகிறோம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு விரலால் நீவி ஒட்டினால் காற்று வெளியே போகும். நடுவில் அமுக்கினால் காற்று மாட்டிக்கொண்டு அடுப்பில் கொப்புளமாகும். கொப்புளத்தைப் பச்சையாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் மெல்லிய ஊசியால் குத்தி நீவிவிடுங்கள்.

துளைக்கு எங்கள் வீட்டில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிதான். சுமார் இரண்டு மி.மீ. தடிமன், நேராக இருக்கும், சூட்டுக்கு வளையாது. உருட்டிய மணியை அரை மணி நேரம் ஆறவிட்டு, கம்பியைக் குத்தாமல் திருகித் திருகி இறக்குங்கள். மறுபுறம் நுனி மெல்ல எட்டிப் பார்த்ததும் உருவி, அந்தப் பக்கத்திலிருந்து திருகினால் வாய் பிய்யாது. மெல்லிய நூலில் கோக்கும் மணிக்கு இரண்டு மி.மீ. பெரிது. அதற்கு ஊசியால் ஒரு குறி மட்டும் போட்டு, வெந்தபின் கையால் சுற்றும் சிறு துரப்பணத்தில் துளைப்பது நல்லது.

மணியைத் தட்டில் நேரடியாக வைத்து வேகவைத்தால் அடியில் தட்டையான, பளபளக்கும் புள்ளி விழும். ஒரு தகர டப்பாவின் இரு ஓரத்திலும் வெட்டுப் போட்டு, மணி கோத்த ஸ்போக்ஸ் கம்பிகளை அதில் படுக்கவைத்தால் மணி அந்தரத்தில் நிற்கும்.

வெள்ளை பழுப்பாகிறது

இனி அடுப்பு. ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின்னடுப்பின் திருகில் 130 என்று இருந்தால் உள்ளே 130 இருக்கும் என்று நம்பாதீர்கள். இருபது, முப்பது டிகிரி முன்னே பின்னே இருக்கும். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிளேயை வாங்குவதற்கு முன்பே அதை வாங்கச் சொல்வேன். டைல்ஸ் துண்டை உள்ளே வைத்து 20 நிமிடம் சூடேற்றினால் சூடு ஏறி இறங்காமல் நிற்கும். மணிகள் மேல் அலுமினியத் தாளைக் கூடாரமாக மூடுங்கள். கம்பிச்சுருளின் சூடு நேராகப் படும் மேற்பகுதிதான் முதலில் பழுக்கும். எந்த ரகத்துக்கு எவ்வளவு என்பது உறையிலேயே இருக்கும்: ஃபிமோவுக்கு 110, ஸ்கல்பி பிரீமோவுக்கு 130. இரண்டையும் ஒரே தண்டில் கலப்பவர்கள் முதலில் ஒரு துண்டைச் சோதித்துப் பாருங்கள்.

பழுத்தது வெளுக்காது. ஆனால் கருகவிடவே கூடாது. 175 டிகிரிக்கு மேல் போனால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. கிளேக்கு எடுத்த தட்டும் பிளேடும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

ஒடிகிறது

வேகவில்லை, அவ்வளவுதான். கருகிவிடுமோ என்று பயந்து 15 நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். ஆறு மி.மீ. கனத்துக்கு 30 நிமிடம் என்பது கணக்கு. அதுவும் வெப்பமானி உரிய சூட்டைக் காட்டிய பிறகுதான் கடிகாரம் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் மாலையில் மின்னழுத்தம் இறங்கும், சூடேறவே அரை மணி நேரம் பிடிக்கும். அதனால் நான் வேகவைப்பது காலையில். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், வந்ததும் முழு நேரமும் மறுபடி வையுங்கள். சரியான சூட்டில் இரண்டாவது முறை வேகவைப்பதால் கெடுதல் இல்லை. ஒடிந்த மாலையின் மீதி மணிகளையும் அப்படியே காப்பாற்றலாம்.

ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மி.மீ. கனத்தில் விரல் நீளப் பட்டை ஒன்றைச் சேர்த்து வேகவையுங்கள். ஆறியதும் அதை வளைத்துப் பாருங்கள். வளைந்து நிமிர்ந்தால் மணியும் வெந்திருக்கிறது. பட்டென்று முறிந்தால் தட்டு திரும்ப அடுப்புக்குப் போக வேண்டும். பிள்ளைகளுக்கென்று விற்கும் மலிவு ரகங்களில் சில முழுதாக வெந்தாலும் முறியும், அவை மணிக்கு ஆகாது.

இட்லிச் சட்டியில் அவித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். ஆவி 100 டிகிரி. குறைந்தது 110 வேண்டும். போதாது.

விரிசல், உள்ளே வெள்ளைப் பிறைகள்

பெரிய மணியில் வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே பிறகு விரியும்போது வெடிக்கிறது. இந்தப் பெரிய மணிகளை மட்டும் குளிர்ந்த அடுப்பில் வைத்துச் சூடேற்றுங்கள், வெந்தபின் உள்ளேயே ஆறவிடுங்கள். விரிசலில் அதே நிறக் கிளேயைத் திரவ கிளேயில் குழைத்து அடைத்து, திரும்ப வேகவைத்து, தேய்த்தால் தெரியாது. தோலுக்கு அடியில் நகத்தடம் போல வெள்ளைப் பிறைகள் தெரிந்தால் உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் காரணம். ஐப்பசி மழையில் எனக்கு இது கூடுதலாக வருகிறது. கிளேயை மடித்து, தகடு தேய்க்கும் உருளை எந்திரத்தில் விடும்போது மடிப்புப் பக்கம் முதலில் உள்ளே போனால் காற்று வெளியேறிவிடும்.

பளபளப்புப் பூசியபின் பிசுபிசுப்பு

ஆனித் தேரோட்டத்துக்குப் போட்டுக்கொள்ள என்று அக்கம்பக்கத்தில் பதினோரு மாலை கேட்டிருந்தார்கள். நேரமில்லை என்று தேய்க்காமல், நிறமில்லாத நெயில் பாலிஷைப் பூசிப் பனையோலைப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் மணியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஓலையின் நரம்பு ஒவ்வொரு பூவின் மேலும் பதிந்திருந்தது. அத்தனை பேரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. நெயில் பாலிஷிலும் ஸ்பிரே வார்னிஷ் பலவற்றிலும் இருக்கும் கரைப்பான் கிளேயோடு வினை செய்து இளகியே நிற்கும். சில அன்றே ஒட்டும், சில மாதங்கள் கழித்து ஒட்டும். காயட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஒட்டியவற்றைப் பிரித்து, நெயில் பாலிஷ் நீக்கியைத் துணியில் தொட்டு விரைவாகத் துடையுங்கள். தேய்த்துக்கொண்டே இருந்தால் கிளேயும் கரையும். ஒருநாள் விட்டு, பெயின்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளில் 400, 600, 800, 1000 எண் என்று வரிசையாக, தண்ணீருக்குள் வைத்தே தேய்க்க வேண்டும். தண்ணீரில் தேய்த்தால் தூள் மூக்குக்குள் போகாது. கைரேகையும் இதிலேயே மறையும். ஒரு எண்ணைத் தாண்டிப் போனால் முந்தைய கீறல் அடியில் நின்று வெளிச்சத்தில் தெரியும். 1000-க்குப் பிறகு பழைய ஜீன்ஸ் துணியைத் தொடையில் விரித்து, மணியை அழுத்தாமல் வேகமாக உரசினால் மெல்லிய பட்டுப் பளபளப்பு வரும். எனக்கு அதுவே போதும். கண்ணாடி மாதிரிதான் வேண்டும் என்பவர்கள் தண்ணீர் கலந்து செய்த பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிசாக இரண்டு முறை பூசி, முதல் பூச்சு முழுதாகக் காய்ந்தபின் இரண்டாவது பூச வேண்டும். கோக்கும் முன் ஒரு மணியை மட்டும் பத்து நாள் தனியாக மேசையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள்.